சுறாப் பீலியும் நம் மனச்சான்றும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பட்டினப்பாலையை நாம் இளங்கலை மாணவர்க்குப் பல ஆண்டுகளாகப் பாடம் சொல்லி வருகிறோம். முழுநிலா நாளில் பரதவர் கடல்மேல் செல்லாது, கருவுற்ற சுறாவின் கொம்பினை நட்டு, அதன்கண் தம் தெய்வத்தை இருத்தி வழிபட்ட செய்தியைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்நூலில் பாடியுள்ளார். சுறாவுக்குக் கொம்பு ஏது என்னும் ஐயம் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு மாணவரிடமிருந்து எழாமல் இராது. வாள்போல் நீண்டு இருமருங்கும் பல்வரிசை கொண்ட மூக்கினையுடைய வேளா மீனையும் சுறா இனத்துள் வைத்து எண்ணினர் நம் முன்னோர் என்றும், அவ்வாள்மூக்கே ஈண்டுக் கொம்பு எனப்பட்டது என்று கொள்ளலாம் என்றும் விளக்கம் தந்துவிட்டு மேலே செல்வது நம் வழக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு மேலே செல்ல இயலாமற் போயிற்று. குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கமிருந்து வந்து பயின்ற மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, வேளா மீனை நீங்கள் நேரில் கண்டதுண்டா?" என்று வினவினாள். படத்தில்தான் கண்டிருக்கிறோம் என்றோம். "எங்கள் தாத்தா கண்டிருக்கிறார். அவர் வீட்டுச் சுவரில் அதன் கொம்பு தொங்கியதாம். என் தந்தையார் முப்பது ஆண்டுகளாக ஆழ்கடலில் தொழில் செய்கிறார். அவர் வலையிலோ தூண்டிலிலோ ஒன்றுகூட அகப்பட்டதில்லையாம்" என்றாள். தூத்தூர்ப் பகுதி மீனவர் ஆயிரம் தூண்டிலிட்டுச் சுறா பிடிப்பதில் பெயர் பெற்றவர் என்பதும், அரபிக்கடலின் மறுகோடி வரை சென்று மீளும் துணிவினர் என்பதும் பலரும் அறிந்ததே. அம்மாணவி அத்துடன் நிற்கவில்லை. "சுறாவைப் பிடிக்கக் கூடாது என்று எங்களுக்குத்தான் எல்லாரும் அறிவுரை சொல்கிறார்கள். பிடித்தவர் குற்றவாளி என்றால், விற்றவர் யார் ஐயா? தின்றவர் யார்?" என்றாள்.

மணி அடித்துவிட்டது. நாம் விடை கூறாமலே வகுப்பைவிட்டு வெளியேறினோம். விடை தெரியாததனால் அன்று. அவ்வினாவின் மூன்று பகுதிகளுள் இரண்டு நம் வீட்டு வாசலிலேயே வந்து நின்றன. விற்றவர் எம் தாய்மாமா. அதனை உண்டவருள் நாமும் ஒருவர். அவள் கேட்காமல் விட்ட நான்காம் வினாவும் ஒன்று உண்டு: விற்ற காசில் படித்தவர் யார்?

எம் மாமா தூத்துக்குடியில் கருவாட்டுக் கிட்டங்கி வைத்திருந்தார். நம் சமூகத்தார் மணிக்கல், சங்கு, தோல், அரிசி எனப் பலதுறை வாணிபத்திலும் கால்பதித்தவர். மாமாவின் பங்குக்குக் கிடைத்தது கருவாடு. கிட்டங்கியின் முன்பகுதியில் வாளையும் நெத்திலியும் சாக்குச் சாக்காகக் கிடக்கும். பின்கட்டில் பூட்டிய அறை ஒன்று. அதனுள்தான் பீலி. சுறாவின் முதுகிலும் மார்பிலும் வாலிலும் உள்ள செட்டையை வணிகர் பீலி என்றும் இறகு என்றும் வழங்கினர். மயிலின் தோகைக்குரிய பெயர் மீனின் செட்டைக்கு வந்த விந்தையை நாம் தமிழ் பயின்ற பின்னரே எண்ணி வியந்தோம். சீனரும் தம் மொழியில் அதனை மீனின் சிறகு என்றே சொல்கின்றனர் என்பது பின்னாளில் தெரிந்தது.

பள்ளி விடுமுறையில் அவ்வறைக்குள் நுழைய நமக்கு அனுமதி உண்டு. மூக்கைத் துளைக்கும் நெடி. சுறாவின் தசையில் உப்புச்சத்து போன்றதொரு பொருள் மிகுதியாக இருப்பதும், அது இறந்தபின் சிதைந்து அந்நெடியை எழுப்புவதும் அறிவியல் கூறும் காரணம். மாமாவுக்கோ அது பணத்தின் மணம். ஒரு சுறாவின் முதுகுச் செட்டை, மார்புச் செட்டை இரண்டு, வாலின் கீழ்மடல் ஆகியவை சேர்ந்தால் ஒரு செட்டு. அங்குலக் கோலால் அளந்து, கறுப்பு வேறு வெள்ளை வேறு எனப் பிரித்து அடுக்குவார். உழுவையின் பீலியே வெள்ளை. அதற்கே விலை உச்சம். வழவழப்பான ஈரப்பதம் சிறிதேனும் இருந்தால் மீண்டும் வெயிலுக்குப் போகும். சென்னை வழியாகச் சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் சரக்குச் செல்லும். நாற்பது ஆண்டுகள் அதனை விற்ற மாமா ஒரு நாளேனும் அதனைச் சுவைத்ததில்லை. "அது சீனத்தாரு பண்டம் மருமவனே, நமக்குப் புட்டுதான்" என்பார்.

புட்டு என்றது சுறாப்புட்டை. அவித்துத் தோலுரித்து, உதிர்த்துப் பிழிந்து, மஞ்சளும் பூண்டும் சின்ன வெங்காயமும் தேங்காய்த் துருவலும் சேர்த்து எம் உம்மா தாளிக்கும்போது தெருவே மணக்கும். பிள்ளை பெற்ற வீட்டில் பால் சுறாவைத் தேடி ஆள் ஓடும். தாய்க்குப் பால் சுரக்கும் என்பது நம் கடற்கரை முழுவதும், சமயம் கடந்து, நிலவும் நம்பிக்கை. எம் ராத்தாவுக்கும் அவ்வாறே ஊட்டினர். ஆகவே சுறா நமக்கு அயலார் ஆடம்பரம் மட்டும் அன்று. அடுப்படிப் பொருளும் ஆகும்.

2001ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நடுவணரசு சுறா, திருக்கை இனங்கள் அனைத்தையும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. அதாவது, புலிக்கு என்ன காவலோ அதே காவல் பால் சுறாவுக்கும். கடற்கரை கொதித்தெழுந்தது. வலையில் எது விழும் என்று கேட்டா கடலில் வலை வீச முடியும் என மீனவர் கேட்டது நியாயமே. அதே ஆண்டு டிசம்பரில் அரசு தன் ஆணையைத் திருத்தி, பத்து இனங்களை மட்டும் அட்டவணையில் நிறுத்திக்கொண்டது. திமிங்கலச் சுறாவும் வேளாவும் அவற்றுள் அடங்கும். புதுச்சேரியின் பெயரையே தாங்கிய சுறா ஒன்றும் உண்டு. 1839இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான அது இன்று அழிவின் கடைசிப் படியில் நிற்கிறது.

அந்த ஐந்து திங்களும் மாமாவின் பின்கட்டு திறக்கப்படவில்லை. அப்போது நாம் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவர். வாப்பா இளமையிலேயே மறைந்துவிட்டமையால் எம் படிப்புச் செலவு மாமாவின் பொறுப்பு. அப்பருவத்துக் கட்டணம் காலந்தாழ்ந்து தண்டத்துடன் கட்டப்பட்டது. பணம் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்கவில்லை. கேட்கும் வயதாக இருந்தும் கேட்கவில்லை.

பத்தாண்டுகள் கழிந்து, 2011ஆம் ஆண்டு கோடையில், ஹாங்காங்கில் மணிக்கல் வாணிபம் செய்யும் மாமாவின் மூத்த மகன் எம்மைத் தம்மோடு சிலநாள் தங்க அழைத்தார். நாம் கண்ட முதல் அயல்நாடு அதுவே. நத்தன் சாலைப் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதோம். நம் ஊர்த்தமிழ் அத்தெருவில் காதில் விழுந்தபோது எழுந்த மகிழ்ச்சி தனிக் கட்டுரைக்குரியது. மறுநாள் மச்சான் எம்மை ஷியுங் வான் பகுதிக்கு அழைத்துச் சென்றார். உலர்ந்த கடற்பொருள் கடைகள் வரிசை வரிசையாக நின்றன. கண்ணாடிக் குடுவைகளில், மருந்துக்கடை ஒழுங்குடன், பீலி. சிலவற்றுக்குச் சிவப்பு நாடா. அந்த நெடி மட்டும் மாறவில்லை. தூத்துக்குடிப் பின்கட்டில் நாம் நின்ற அதே உணர்வு. உலகப் பீலி வாணிபத்தில் ஏறத்தாழச் சரிபாதி அந்நகர் வழியாகவே சென்றது என்பதை அன்று நாம் அறிந்திலோம்.

மாமாவிடம் நெடுங்காலம் சரக்கு வாங்கிய முதிய சீன வணிகர் ஒருவர் இருந்தார். அவருடைய பேரனின் மணவிருந்துக்கு எங்களையும் அழைத்திருந்தார். மணவிருந்தில் பீலிச்சாறு பரிமாறுவது விருந்தினரை மதிப்பதன் அடையாளம். பரிமாறாவிடின் வீட்டாருக்கு வறுமையோ கஞ்சத்தனமோ என்று ஊர் பேசும். நம்மூரில் பிரியாணி இல்லாத நிக்காஹை நினைத்துக்கொண்டால் போதும். சீனர் அச்சாற்றைப் பன்றித் தொடையின் உப்புக்கண்டம் சேர்த்துக் காய்ச்சுவது மரபு. ஆதலால் நமக்குத் தப்பிக்க வழி கிடைத்தது என்றே எண்ணினோம். ஆனால் அப்பெரியவர், மாமாவின் உறவினர் என்பதற்காக, முஸ்லிம் சமையற்காரர் ஒருவரைக் கொண்டு கோழிச்சாற்றில் எங்கள் மேசைக்கென்று தனியே சமைப்பித்திருந்தார். தாமே எழுந்து வந்து எம் அருகில் நின்று, இரு கைகளாலும் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார்.

நாம் உண்டோம்.

சேமியா போன்ற இழைகள். வழுவழுப்பு உண்டு, சுவை இல்லை. சுவை முழுதும் கோழியுடையது. பீலியின் தோலையும் தசையையும் சுரண்டி நீக்கியபின் எஞ்சுவது நகமும் முடியும் போன்றதொரு நார்ப்பொருள்; அதற்கெனச் சுவை கிடையாது என்பது சீனச் சமையலாரே ஒப்புவது. ஊர் திரும்பியதும் மாமா ஆவலுடன், "எப்படி ருசி?" என்றார். "ருசியே இல்லை மாமா" என்றோம். நெடுநேரம் சிரித்தார். "நாப்பது வருசமா எதை வித்தேன் நான்?" என்று கேட்டு மறுபடியும் சிரித்தார்.

ஊர் திரும்பிய பின்னர்தான் நாம் இதுபற்றி வாசிக்கத் தலைப்பட்டோம். வாசித்தவற்றுள் நெஞ்சைச் சுட்டது ஒன்று. பெருங்கடல்களில் சூரை பிடிக்கும் கப்பல்கள் பல, தூண்டிலில் அகப்பட்ட சுறாவின் செட்டைகளை மட்டும் அறுத்துக்கொண்டு, உயிரோடிருக்கும் உடலைக் கடலிலேயே எறிந்துவிடுமாம். இறைச்சிக்கு விலை குறைவு. கப்பலின் குளிரறையில் இடமும் குறைவு. செட்டை இழந்த சுறா நீந்த மாட்டாது அடியில் அமிழ்ந்து இறக்கும்.

மார்க்க அறிவு நிறைந்த ஆலிம் நண்பர் ஒருவரிடம் இதனைக் கொண்டு சென்றோம். கடல்வேட்டையும் கடலுணவும் ஆகுமாக்கப்பட்டவை என்பது திருமறையின் தீர்ப்பு. கடலில் இறந்ததும் ஆகும் என்பது நபிமொழி. ஆயினும், மதீனாவாசிகள் உயிருள்ள ஒட்டகத்தின் திமிலையும் ஆட்டின் வாலையும் அறுத்துண்ட வழக்கத்தைக் கண்ட நபிகளார் (ஸல்), உயிருள்ள பிராணியிலிருந்து வெட்டப்பட்டது செத்ததற்குச் சமம் என்று விலக்கிய செய்தியும் நபிமொழித் தொகுப்புகளில் உண்டன்றோ என்றோம். நண்பர் சிறிது எண்ணிவிட்டு, "மீனுக்கு அது விதிவிலக்கு. செத்த மீனே ஆகும் எனும்போது வெட்டிய துண்டும் ஆகும். பீலியை ஹராம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அறுத்தவன் செய்தது வதை. வதைக்குக் கூலி கொடுத்தவன் கிண்ணத்தை வைத்திருப்பவன். ஆகுமானது வேறு, தூய்மையானது வேறு, மறை இரண்டையும் சேர்த்தே கேட்கிறது" என்றார். அவர் கூறியதை நாம் அப்படியே ஏற்றுக்கொண்டோம். மார்க்கத் தீர்ப்பு எளிதாக நம் பக்கம் சாயும் என எதிர்பார்த்துப் போனவருக்கு அவ்விடை சற்று ஏமாற்றமே. ஆனால் நேர்மையான விடை.

இதை மாமாவிடம் சொன்னபோது அவர் சினந்தார். சினத்தில் உண்மையும் இருந்தது. நம் கரையில் செட்டை மட்டும் அறுத்து உடலைக் கடலில் எறிந்தவர் எவர்? சுறா முழுதாகக் கரைக்கு வந்தது. இறைச்சியை ஏழை எளியவர் பச்சையாகவும் கருவாடாகவும் தின்றனர். ஈரலின் எண்ணெயை வள்ளத்துப் பலகைக்குப் பூசினர். எஞ்சிய பீலியை அவர் வாங்கினார். வீணானது ஒன்றுமில்லை. பெருங்கப்பல்காரர் செய்த பாவத்தை வள்ளக்காரர் தலையில் ஏற்றுவது எந்த நியாயம்?

இவ்வாதத்தை நம்மால் மறுக்க முடியவில்லை, இன்றும் முடியாது. நம் கரையின் சிக்கல் வதை அன்று, தொகை. மத்தி ஒரே பருவத்தில் பல்லாயிரம் முட்டையிடும். சுறாவோ பெரும்பாலும் நம்மைப்போல் தாமதித்து வயதுக்கு வந்து, நெடுநாள் சூல்கொண்டு, சில குட்டிகளையே ஈனும். சாட்டைபோல் வால் நீண்ட ஆழ்கடல் சுறாக்களுள் சில ஓர் ஈற்றில் பெரும்பாலும் இரண்டே ஈனுகின்றன. அத்தகைய உயிரை மத்தி பிடிக்கும் கணக்கில் பிடித்தால் என்னாகும்? 2013இல் வெளிவந்த ஆய்வொன்று, உலகெங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடிச் சுறாக்கள் கொல்லப்படுவதாக மதிப்பிட்டது. 1970ஆம் ஆண்டிலிருந்து அரை நூற்றாண்டுக்குள் பெருங்கடற் சுறாக்களும் திருக்கைகளும் 71 விழுக்காடு குறைந்தன என்று 2021இல் மற்றோர் ஆய்வு உரைத்தது. சுறா, திருக்கை இனங்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழியும் ஆபத்தில் உள்ளன என்பதும் அதே ஆண்டில் வெளிவந்த கணிப்பு. திருக்குறள் வலியறிதல் அதிகாரத்தில் மயிலின் பீலியை ஏற்றிய வண்டியைப் பற்றிய குறளை நாம் எத்தனையோ முறை வகுப்பில் விளக்கியிருக்கிறோம். ஒரு பீலிக்கு எடையே இல்லை. அளவு கடந்து ஏற்றினால் அச்சு முறியும். எம் மாமாவின் ஒரு சாக்கும் அவ்வாறே எடையற்றதுதான்.

2015ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் எல்லா வகைச் சுறாப் பீலியின் ஏற்றுமதியையும் நடுவணரசு தடை செய்தது. மாமா தொலைபேசியில் எம்மை உடனே வரச் சொன்னார். சென்றோம். ஆங்கிலத்தில் இருந்த அறிவிக்கையின் நகலை எம் கையில் கொடுத்து, "நீ படிச்சவன், சொல்லு" என்றார். அதிகம் படிக்க அதில் ஒன்றுமில்லை. எந்தச் சுறாவாயினும், பீலி நாட்டைவிட்டு வெளியேறலாகாது. அவ்வளவே. தமிழில் ஒரு முறை சொன்னோம். மறுபடியும் சொல்லச் சொன்னார்.

பின்கட்டில் இரண்டு சாக்குகள் மிஞ்சியிருந்தன. முதல்நாள் இரவு ஒருவன் வந்து, படகில் அக்கரைக்குக் கடத்த ஏற்பாடு இருப்பதாகவும், பாதி விலைக்கு எடுத்துக்கொள்வதாகவும் கூறிச் சென்றிருக்கிறான். பாதி விலையே பெருந்தொகை. மாமி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மாமா எம் முகத்தைப் பார்த்து, "சட்டம் தடுத்தது சரி. அல்லாஹ் தடுத்தானா?" என்றார்.

ஆலிம் நண்பர் கூறிய விடை நாவின் நுனியில் நின்றது. ஆயினும் அதனைச் சொல்லும் தகுதி நமக்கு உண்டா? அவர் விற்ற பீலியில் நாம் படித்தோம். படித்ததனால் அவர் செய்தது பிழை என்று அறியும் அறிவு பெற்றோம். அவ்வறிவைக் கொண்டு அவர் முன் நின்று பேசுவதற்குக் கூச்சமாக இருந்தது. "கள்ளத்தனமாக விற்கும் வழக்கம் உங்களுக்கு இல்லையே மாமா" என்று மட்டும் சொன்னோம்.

சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "2001ல கிட்டங்கி பூட்டிக் கெடந்தப்ப உன் காலேஜ் பணத்தை எதுல கட்டினேன் தெரியுமா?" என்றார். பீலியில் என்றே இத்தனை ஆண்டும் எண்ணியிருந்தோம். "உன் மாமி காப்பை வித்துக் கட்டினேன்" என்றார். நாம் வாசற்படியைத் திரும்பிப் பார்த்தோம். மாமி உள்ளே போய்விட்டிருந்தார். ஒரு பருவமேனும் நாம் பீலிக்காசில் படிக்கவில்லை என்று எம் மனம் ஆறுதல் கொள்ளத் தொடங்கிய அந்நொடியிலேயே மாமா, "காப்பும் பீலியில வாங்கினதுதான்" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த ஆளுக்குச் சரக்குக் கொடுக்கவில்லை. சட்டத்துக்கு அஞ்சியா, மார்க்கத்துக்கு அஞ்சியா, எம்முன் வெட்கியா, நாம் கேட்கவில்லை. இரண்டு சாக்குகளையும் தோப்பில் தென்னை மூட்டில் புதைக்கச் செய்தார். 2019இல் அவர் மவுத்தானபோது அத்தோப்பில் நின்றபடி, அந்தத் தென்னைகள் நன்றாகக் காய்த்தனவா என்று மாமியிடம் வினவினோம். நாய் தோண்டியதுதான் மிச்சம் என்றார்.

ஏற்றுமதித் தடையினால் எல்லாம் நேராகிவிட்டது என்று எழுத நமக்கும் ஆசைதான். உலகெங்கும் நல்லவை பல நடந்தன. கூடைப்பந்து வீரர் யாவ் மிங் 2006 முதல் பீலிச்சாற்றுக்கு எதிராகப் பேசியதைச் சீன இளைஞர் செவிமடுத்தனர். 2013இல் ஹாங்காங் அரசும் சீன அரசும் அரசு விருந்துகளில் அதனை நிறுத்தின. ஆயினும் 2020இல் ஈக்வடாரிலிருந்து ஹாங்காங்குக்கு வந்த இரண்டு பெட்டகங்களில் 26 டன் பீலி பிடிபட்டது. ஏறத்தாழ 38,500 சுறாக்களின் செட்டை அது. 2012க்கும் 2019க்கும் இடையில், செட்டை அறுப்பதைத் தடுக்கும் சட்டங்கள் பெருகிய காலத்திலேயே, கொல்லப்பட்ட சுறாக்களின் எண்ணிக்கை 7 கோடியே 60 லட்சத்திலிருந்து 8 கோடியாக உயர்ந்தது என 2024இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. காரணம் இறைச்சி. செட்டையோடு கரைக்குக் கொண்டுவா என்று சட்டம் சொன்னது, கொண்டுவந்தனர், தின்றனர். சீனரின் கிண்ணத்தைக் குறை கூறிய நாம், நம் வீட்டுப் புட்டுச் சட்டியைத் திரும்பிப் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

குசராத்தின் வேராவல் கரையில் நடந்தது ஈண்டு நினைக்கத்தக்கது. அங்கு ஈரல் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் திமிங்கலச் சுறாவை நூற்றுக்கணக்கில் கொன்று வந்தனர். 2001இல் சட்டம் தடுத்தது. மீனவர் மனத்தை மாற்றியதோ மொராரி பாபு என்னும் சமயச் சொற்பொழிவாளர் 2004 முதல் கூறிய ஒரு சொல். இந்த மீன் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வரும் மகள் என்றார் அவர். மகளை வலையில் சிக்கவிட்டு எந்தத் தந்தை பார்த்திருப்பான்? வலையை அறுத்து மீனை விடுவிக்கத் தொடங்கினர் மீனவர். அறுந்த வலைக்கு அரசு இழப்பீடும் தந்தது. இழப்பீடு இன்றி வெறுஞ்சொல் நின்றிருக்குமா என்பது ஐயமே. தூத்தூர் மாணவியின் தந்தைக்கு அவ்வாறு மகள் என்று சொன்னவரும் இல்லை. அறுந்த தூண்டிலுக்கு ஈடு தந்தவரும் இல்லை. சுறா தாக்கிய புண் ஆறியதும் மீண்டும் கடலுக்குப் போன தந்தை ஒருவர் குறுந்தொகையில் வருகிறார். அன்று தொட்டு இன்று வரை அவர் பக்கத்துக் கணக்கில் ஆபத்து மட்டுமே மாறாமல் நிற்கிறது. பிடித்தவரையே முதலில் குற்றக்கூண்டில் ஏற்றும் வழக்கத்துக்கு நாம் உடன்படோம் என்பதே அவள் வினாவுக்கு நாம் தரக்கூடிய பாதி விடை.

மறுபாதியைச் சென்ற ஆண்டு மீன் சந்தையில் தேட நேர்ந்தது. ராத்தாவின் மகளுக்கு ஆண் மகவு பிறந்து எட்டு நாள். உம்மா எம்மைப் பால் சுறா வாங்கி வரப் பணித்தார். சுறாவின் உடலில் பாதரசம் சேர்கிறது என்பதும், கருவுற்ற மகளிரும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து அமைப்பு அறிவுறுத்துகிறது என்பதும் நாம் வாசித்து அறிந்தவை. பெரிய சுறாவில் மிகுதி, சிறியதில் குறைவு என்று உம்மாவிடம் ஒருமுறை விளக்க முயன்று தோற்றும் இருக்கிறோம். "நீ அதைக் குடிச்சுத்தானே வாத்தியாரானே?" என்பது அவர் கேள்வி. ஆகவே பேசாமல் பையை எடுத்துச் சென்றோம்.

தட்டில் இருபது, முப்பது கிடந்தன. ஒரு முழம்கூட இல்லாத குட்டிகள். மீன்காரம்மா ஒன்றைப் புரட்டிக் காட்டி, "இன்னிக்கு வந்தது காக்கா, பச்சைப் புள்ள மாதிரி இருக்கு" என்றார். அவர் பேச்சுவாக்கில் சொன்னதுதான். ஆனால் மார்புச் செட்டைகளுக்கு இடையில் அதன் தொப்புள் வடு இன்னும் மூடாமல் பிளந்திருந்தது. சுறாக்குட்டி பிறந்து சில நாளே ஆயிற்று என்பதற்கு அது அடையாளம். காலையில் நம் வீட்டில் மருத்துவச்சி பிள்ளையின் தொப்புளுக்கு மருந்திட்டதைப் பார்த்துவிட்டே வந்திருந்தோம்.

ஒரு கிலோ காரல் வாங்கிக்கொண்டு திரும்பினோம். காரல் ஆணமும் பால் சுரக்கும் என்பது நம் பெண்டிர் வழிவழியாகச் சொல்வதே. உம்மா பையைத் திறந்து பார்த்தார். சந்தையில் சுறா வரவில்லையா என்றார். வந்திருந்தது, நாம் வாங்கவில்லை என்றோம். ஏன் என்று கேட்கவில்லை. "காரலு முள்ளு. உக்காந்து யாரு ஆயுறது?" என்று மட்டும் கேட்டு, அரிவாள்மணையை எம் பக்கம் தள்ளினார். நாமும் உம்மாவும் முற்றத்தில் எதிரெதிரே அமர்ந்தோம். அத்தனையையும் ஆய்ந்து முடிப்பதற்குள் லுஹருக்குப் பாங்கு சொல்லிவிட்டனர்.